களை யாருக்கு, கீரை யாருக்கு?

நிலவுடைமையாளர் வேண்டாமென்று முடிவு செய்த செடிக்குக் களை என்று பெயர். களையெடுத்து முடித்தபின் அதே செடியை மடியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுசெல்லும் கூலிப்பெண்ணுக்கு அது கீரை. பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமட்டிக்கீரை, சாரணை, மூக்கிரட்டை ஆகியவற்றை எவரும் விதைப்பதில்லை. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் புறம்போக்கிலும் இவை தாமே முளைப்பவை. நிலமற்ற தலித் குடும்பங்களின் அடுப்பில் காசின்றி ஏறிய பச்சை உணவு பெரும்பாலும் இவைதாம். இன்று நகரத்து இயற்கை அங்காடிகள் இவற்றுட் சிலவற்றை விலைவைத்து விற்கின்றன. இவ்வுணவைப் பறித்தும் சமைத்தும் காத்துவந்த கைகளுக்கு அது ஏன் எட்டாமற்போகிறது என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

இச்சமையலை ஏழ்மையின் கைப்பழக்கமென்று ஒதுக்கிவிட இயலாது. அதனுள் நுட்பமான அறிவு இருக்கிறது. கலவைக்கீரையில் எது எவ்வளவு சேர வேண்டும், எதன் கொழுந்தை மட்டும் கிள்ள வேண்டும் என்பதைப் பறிப்பவரே அறிவார். சாரணையை வேகவைத்து நீரை இறுத்துவிடுவர். பிரண்டையின் நமைச்சல் அடங்க எண்ணெயில் நன்கு வதக்கிப் புளி சேர்த்து அரைப்பர். அகத்திப்பூவின் உள்நரம்பை நீக்கினால்தான் கசப்புக் குறையும். முருங்கைப்பூ பருப்போடும் முட்டையோடும் பொரியலாகும். வேப்பம்பூ உலர்த்தி வைக்கப்பட்டு ரசமாகும். கலவைக்கீரை சின்ன வெங்காயம், பூண்டு, மிளகாய், புளியோடு மண்சட்டியில் வெந்து, மத்தால் கடையப்படும். தாயிடமிருந்து மகளுக்குக் களத்திலேயே கைமாறிய இவ்வறிவு பாடநூல் எதிலும் இடம்பெறவில்லை.

இவ்வுணவோடு ஒட்டிவந்த அவமானமும் பழையது. பத்துப்பாட்டுள் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, வறுமையுற்ற பாணர் குடும்பத்தைக் காட்டுகிறது. குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளிவந்து, உப்பின்றி வேகவைத்து, அறியாதார் கண்ணிற் படுவதற்கு நாணிக் கதவை அடைத்துச் சுற்றத்தோடு உண்கிறார்கள். அடைத்த கதவு நம் காலத்திலும் திறந்துவிடவில்லை. சேரியின் உணவு இழிவென்று சொல்லிப் பழகிய சமூகம், அதே கீரை அங்காடியின் தட்டில் வந்தால் ஆரோக்கியம் என்கிறது. மாறியது செடியன்று, அதை ஏந்தும் கை.

அவமானத்தைக் காட்டிலும் உடனடியான அச்சுறுத்தல் களைக்கொல்லி. நெல் வயலில் பரவலாகத் தெளிக்கப்படும் 2,4-டி, புல்லினத்தை விட்டுவிட்டு அகன்ற இலைச் செடிகளைக் கொல்லும். நெல் புல்லினம், மேற்சொன்ன கீரைகள் அனைத்தும் அகன்ற இலையின. ஆகவே ஒரு தெளிப்பில் களையெடுக்கும் பெண்ணின் கூலிநாளும் அவளது மாலைக் குழம்பும் சேர்ந்தே போகின்றன. எஞ்சி நிற்கும் கீரையும் நஞ்சு படிந்தது. அதைப் பறிப்பது ஆபத்து. தெளிப்புச் செலவையும் களைக்கூலியையும் ஒப்பிட்டுக் கணக்கிடும் உடைமையாளரின் ஏட்டில் இந்த இழப்புக்கு வரி இல்லை.

அரசின் ஏட்டிலும் இல்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியத்தை உறுதிசெய்கிறது. தமிழகத்தில் அரிசியோடு பருப்பும் எண்ணெயும் கிடைக்கின்றன. கீரை கிடைப்பதில்லை. 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களுள் 53 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். மாத்திரை வழங்கும் திட்டங்கள் தேவையே. ஆயினும் வரப்பில் கிடைத்த உணவை அழியவிட்டு மாத்திரையை மட்டும் நம்புவது முறையாகாது.

மாற்று வழி வெறும் கனவன்று என்பதைத் தெலங்கானாவின் ஜகீராபாத் வட்டாரம் காட்டுகிறது. 1983இல் தொடங்கப்பட்ட தக்காண வளர்ச்சிக் கழகத்தின் சங்கங்களில் பெரும்பான்மையினர் தலித் பெண்கள். தரிசு நிலங்களைக் கூட்டாகக் குத்தகைக்கு எடுத்தும், பல தானியங்களையும் பயறுகளையும் இரசாயனமின்றிக் கலந்து விதைத்தும், பயிரிடையே தாமே முளைக்கும் கீரைகளை உணவென்று பெயர்சொல்லிப் பட்டியலிட்டும் அவர்கள் உழைத்தனர். அங்கே குனுகு எனப்படுவது நம் பண்ணைக்கீரைதான். தங்கேடு என்பது நம் ஆவாரம்பூ. இரண்டும் பதுகம்மா விழாவில் அடுக்கப்படும் மலர்கள். உடைமையாளருக்குக் களையாகவும் உழைப்பவருக்கு உணவாகவும் இருக்கும் ஒரே செடி விழாவில் வணங்கப்படுகிறது. இச்சங்கங்களின் பணிக்கு 2019இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் விருது கிடைத்தது. விதைப்பதையும் தெளிப்பதையும் தீர்மானிக்கும் உரிமை அப்பெண்களிடம் இருந்ததே இதற்கு அடிப்படை.

எனவே காட்டுக்கீரைச் சமையலை மீட்பது சமையற்குறிப்போடு முடிவதன்று. அது நிலக் கேள்வி. 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களின் பெரும்பகுதி இன்று பிறர் கையில் உள்ளது. ஊர்ப் பொதுநிலங்களை மீட்குமாறு 2011இல் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. ஆயினும் பல ஊர்களில் புறம்போக்கில் கால்வைக்கவே தலித் பெண்கள் ஆதிக்கச் சாதியினரின் முகம் பார்க்க வேண்டியுள்ளது.

நாம் கோருவன தெளிவானவை. பஞ்சமி நிலம் உரியவரிடம் திரும்ப வேண்டும். மீட்கப்படும் பொதுநிலங்களில் கீரை பறிக்கும் உரிமையை ஊராட்சிகள் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும். வாய்க்கால் கரையிலும் பாதையோரத்திலும் களைக்கொல்லி தெளிப்பதைத் தடைசெய்ய வேண்டும். பள்ளி மதிய உணவிலும் அங்கன்வாடியிலும் இக்கீரைகள் இடம்பெற வேண்டும். அவற்றைப் பறித்துத் தரும் பெண்களுக்கு உரிய விலை கிடைக்க வேண்டும்.