குழு ஆட்டத்தில் தனி மதிப்பெண்

இன்று நம் குடும்பங்களில் வளரும் பிள்ளைகள் பலர், மாலைப்பொழுதில் கணினியின் முன்னோ கைபேசியுடனோ அமர்ந்து, முகமறியா நால்வரோடு அணி சேர்ந்து விளையாடுகின்றனர். ஆட்டம் முடிந்ததும் திரையில் ஓர் எண் ஏறுகிறது, அல்லது இறங்குகிறது. ஏறினால் முகம் மலர்கிறது. இறங்கினால் சோறும் வேண்டாம் என்றாகிறது. "நான் நன்றாகத்தான் ஆடினேன், கூட வந்தவர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்னும் புலம்பலைக் கேட்ட பெற்றோர் பலர் உண்டு. அந்த எண் எவ்வாறு பிறக்கிறது? அது எதை அளக்கிறது? எதை அளக்க வல்லதன்று? இவற்றை அறியாமல் பிள்ளைகளைக் கடிந்தாலும் பயனில்லை, தேற்றினாலும் பயனில்லை. ஆகவே இதனைச் சற்று ஆராய்வோம்.

சதுரங்கப் பலகையில் பிறந்த கணக்கு

இக்கணக்கு கணினி விளையாட்டுகளுக்கு முந்தியது. 1903ஆம் ஆண்டு ஹங்கேரியில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவில் குடியேறியவர் ஆர்பாட் ஈலோ. மில்வாக்கி நகரில் இயேசு சபையாரின் மார்க்கெட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக விளங்கியவர், சதுரங்கத்திலும் வல்லவர். அவர் வகுத்த அளவுமுறையை அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960இலும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970இலும் ஏற்றுக்கொண்டன. 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றபோது நாம் செய்தித்தாள்களில் கண்ட 'ஈலோ புள்ளிகள்' அவர் பெயரையே தாங்கியவை.

அதன் அடிப்படை எளிது. இருவரின் புள்ளிகள் சமமாயின், வெல்லும் வாய்ப்பும் சமம். ஒருவர் 200 புள்ளி உயர்ந்திருந்தால், நூறு ஆட்டங்களில் ஏறத்தாழ 76 ஆட்டங்களுக்குரிய வெற்றியை அவரிடம் எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததற்கு மேல் செய்தால் புள்ளி ஏறும், குறைந்தால் இறங்கும். ஓர் ஆட்டத்தில் மாறக்கூடிய அளவு 20 புள்ளி என்று கொள்வோம். சமமானவரை வென்றால் 10 புள்ளி கிடைக்கும். தம்மைவிட 200 புள்ளி தாழ்ந்தவரை வென்றாலோ 5 புள்ளிதான். அவரிடம் தோற்றால் 15 புள்ளி போய்விடும். எளியவரை வீழ்த்துவதில் பெருமை குறைவு என்பதை இக்கணக்கும் ஒப்புக்கொள்கிறது!

ஆயினும் ஒரு குறை இருந்தது. நூறு ஆட்டம் ஆடியவரின் எண்ணையும், மூன்றே ஆட்டம் ஆடியவரின் எண்ணையும் ஒரே உறுதியோடு நம்பலாமா? புள்ளியியல் அறிஞர் மார்க் கிளிக்மன் 1995இல் அமைத்த முறையில், ஒவ்வொருவருடைய எண்ணோடும் அந்த எண் எவ்வளவு ஐயத்திற்குரியது என்பதும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. நெடுநாள் ஆடாதிருந்தால் அந்த ஐயம் வளரும். ஆட ஆடக் குறையும்.

ஐவரில் ஒருவரை அளப்பது எங்ஙனம்?

சதுரங்கத்தில் வெற்றியும் தோல்வியும் ஒருவருக்கே உரியவை. 'டோட்டா 2', 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' போன்ற இணைய விளையாட்டுகளிலோ ஐவர் ஓரணி, ஐவர் எதிரணி. வெற்றி ஐவருக்கும் பொது. அதில் யாருடைய பங்கு எவ்வளவு?

இவ்வினாவுக்கு, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ரால்ஃப் ஹெர்பிரிக், டாம் மிங்கா, தோர் கிரேப்பல் ஆகிய மூவர், 2006இல் வெளியிட்ட ஆய்வுரையில் விடை கூறினர். 'ட்ரூஸ்கில்' என்பது அம்முறையின் பெயர். 2007இல் வெளிவந்த 'ஹேலோ 3' என்னும் விளையாட்டிலும் அது பயன்பட்டது. அணியின் ஆற்றல் என்பது உறுப்பினர் ஆற்றல்களின் கூட்டுத்தொகை என்று அது கொள்கிறது. புதியவர் ஒவ்வொருவருக்கும் 25 என்ற மதிப்பும், பெரியதோர் ஐயமும் தரப்படும். மதிப்பிலிருந்து ஐயத்தின் மும்மடங்கைக் கழித்தே தரம் குறிக்கப்படுவதால், தொடக்கத்தில் அனைவரும் பூச்சியத்தில் நிற்பர். அது தாழ்ச்சியன்று, 'இன்னும் அறியோம்' என்னும் நேர்மையான வாக்குமூலம்.

இங்கே பெற்றோரும் பிள்ளைகளும் கவனிக்க வேண்டிய கணக்கொன்று உண்டு. ஒருவரோடு ஒருவர் மோதும் ஆட்டத்தில், ஒருவரின் தரத்தை அறியக் குறைந்தது 12 ஆட்டங்கள் வேண்டும் என்று அந்நிறுவனம் கணித்தது. நால்வர் கொண்ட இரு அணிகள் மோதினால் 46 ஆட்டங்கள் வேண்டும்; எண்மர் கொண்ட இரு அணிகளாயின் 91 ஆட்டங்கள்! கூட்டம் பெருகப் பெருக, ஒருவரின் பங்கு வெளிப்பட நாள் பிடிக்கிறது. ஒரே மாலையில் மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு, 'என் தரமே போயிற்று' என வருந்துவது எவ்வளவு பொருத்தமற்றது!

எல்லாம் அணியினர் செய்த வினையா?

தகுதியற்ற துணைவர்களால் கீழ்த்தரத்திலேயே சிக்கிக் கிடப்பதாக எண்ணும் நிலைக்கு, ஆட்டக்காரர் 'ஈலோ நரகம்' என்று பெயர் வைத்துள்ளனர். அச்சொல்லை இவ்வளவு எளிதாக ஆள்வதை நாம் விரும்பாவிட்டாலும், அவர்தம் முறையீட்டை ஆராய்வது தகும். ஓரிரு ஆட்டங்களில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நீண்ட கணக்கில் நிற்பதில்லை. ஏன்? உன் அணியில் உன்னை நீக்கினால் நால்வர், எதிரணியிலோ ஐவர். திறமை குன்றியவர் தற்செயலாக வந்தமரும் இடங்கள் உன் பக்கம் நான்கு, எதிர்ப்பக்கம் ஐந்து. துணைவர்கள் நாள்தோறும் மாறுகின்றனர். எல்லா ஆட்டத்திலும் மாறாது நிற்பவன் நீ ஒருவனே. ஆதலின் நூறு ஆட்டங்களின் முடிவில் எஞ்சும் எண் பெரும்பாலும் உன்னைப் பற்றியதே.

மற்றொரு முறையீடும் உண்டு: "என்ன செய்தாலும் பாதி ஆட்டம் தோற்கிறேன், வேண்டுமென்றே தோற்கடிக்கிறார்கள்." இதில்தான் நம்மவர் பெரிதும் தடுமாறுகின்றனர். இவ்வெண்களின் முதல் நோக்கம் பரிசளிப்பதன்று. சமமானவரைச் சமமானவரோடு சேர்ப்பதே. இருபுறமும் வெல்லும் வாய்ப்பு ஒத்திருக்கும் ஆட்டத்தையே ட்ரூஸ்கில் முறை சிறந்த பொருத்தமாகக் கருதுகிறது. அவ்வாறாயின், தக்க இடத்தில் அமர்த்தப்பட்டவன் ஏறத்தாழப் பாதி ஆட்டங்களில் தோற்பது இயல்பு. தோல்வியே காணாதவன் தன்னினும் எளியவரோடு ஆடுகிறான். அவன் வளர்வதற்கு வழியில்லை. பாதித் தோல்வி தண்டனையன்று. நேர்மையான பொருத்தத்தின் விளைவு.

தனிச்செயலை எண்ணலாமா?

வெற்றி தோல்வியை மட்டும் பார்த்தால் காலம் மிகுதியாகிறது. ஆகவே ஒவ்வொருவரும் எத்தனை எதிரிகளை வீழ்த்தினார் என்பதையும் எண்ணினால் என்ன? 2018இல் வெளிவந்த 'ட்ரூஸ்கில் 2' இவ்வழியில் சென்றது. வீழ்த்தியது, வீழ்ந்தது, நண்பரோடு சேர்ந்து வந்தது, நடுவில் விலகும் வழக்கம் ஆகியவற்றை அது கணக்கில் கொண்டது. 'ஹேலோ 5' ஆட்டங்களில் பழைய முறை 52 விழுக்காடு முடிவுகளைச் சரியாகக் கணித்தது. புதியது 68 விழுக்காட்டைக் கணித்தது என்று அதன் ஆசிரியர்கள் கூறினர்.

பயன் பெரிதே, எனினும் ஆபத்தும் உண்டு. கால்பந்தில் கோல் அடித்தவருக்கு மட்டும் புள்ளி என்று விதித்தால், பந்தைத் தள்ளிக் கொடுப்பவர் யார்? பின்னால் நின்று காப்பவர் யார்? எதை எண்ணுகிறோமோ அதையே மாந்தர் தேடுவர். எண்ணப்படாத உதவி மெல்ல மறையும். ஆகவே, வெற்றிக்கு உழைப்பதன்றி வேறெவ்வழியிலும் தன் எண்ணை உயர்த்த முடியாதபடி அளவுகோலை அமைப்பதே இத்துறையினரின் பெரும்பாடு.

எண்ணுக்காக நெறி தவறுவோரும் உளர். வல்லவர் புதுப்பெயரில் நுழைந்து எளியவரை வாட்டுவதை 'ஸ்மர்ஃப்' என்பர். 2023 செப்டம்பரில் டோட்டா 2 விளையாட்டை நடத்தும் வால்வ் நிறுவனம் அத்தகைய 90,000 கணக்குகளைத் தடைசெய்தது. கூலி பெற்றுக்கொண்டு பிறர் கணக்கில் ஆடித் தரம் உயர்த்தித் தருவோரும் உண்டு. தென்கொரியாவில் 2019 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, இதற்கு ஈராண்டு வரை சிறையோ, 2 கோடி வோன் வரை அபராதமோ விதிக்கலாம். கூலி கொடுத்து உயர்ந்தவன் அடைவது யாது? தனக்கு மிஞ்சியவரிடையே நின்று, தன் அணியினர் நால்வரையும் தன்னோடு தோல்விக்கு இழுப்பதே!

பெற்றோருக்கு ஒரு சொல்

இனி உங்கள் மகனோ மகளோ புள்ளி இறங்கியதென்று வாடி நின்றால், 'எத்தனை புள்ளி?' என்று கேட்பதை விடுத்து, 'இன்று அணிக்கு என்ன செய்தாய்? யாருக்குத் துணை நின்றாய்? நடுவில் விட்டு வராமல் இறுதிவரை ஆடினாயா?' என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாள் எண்ணை ஒரு மாத எண்ணோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரவு நெடுநேரம் தோல்வியைத் துரத்தி ஆடுவதைத் தடுத்து, உறங்கி எழுந்து ஆடச் சொல்லுங்கள். களைத்த மனம் ஆடும் ஆட்டத்தையும் கணக்கு விடாமல் பதிந்துகொள்ளும்.

அந்த எண், அடுத்த ஆட்டத்தில் யாரோடு யாரைச் சேர்ப்பது என்பதற்கான மதிப்பீடு. அதற்காகவே அது ஆக்கப்பட்டது. அப்பணியை நன்கு செய்கிறது. பிள்ளையின் பொறுமையையும், தோற்ற தோழனிடம் அவன் பேசும் கனிவையும் அளக்க அதற்குக் கோல் இல்லை. அவற்றைக் கண்டு பாராட்டும் கடமை வீட்டிலுள்ள நமக்கே உரியது.