மஞ்சள் விளக்கு என்ன சொல்கிறது?

கரமனை வழியாக ஒரு பெரிய சாலை போகிறது. நெய்யாற்றின்கரை, களியக்காவிளை வழியாக நாகர்கோவில் போகும் சாலை அது. அதில் இரவும் பகலும் கார்கள் ஓடுகின்றன. கார் ஓட்டிப் பிழைப்பவர்கள் நம்மிலும் உண்டு.

புதிய கார்கள் பலவற்றில் ஓட்டுநருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கும். குதிரை லாடம் போன்ற படம். அதன் நடுவில் ஆச்சரியக்குறி (!). இந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள்? ஏதோ ஒரு டயரில் காற்று குறைந்துவிட்டது என்று பொருள்.

காற்று குறைந்தால் என்ன ஆகும்?

டயர் அமுங்கி ஓடும். அதன் பக்கங்கள் மடங்கி மடங்கி நிமிரும். அதனால் டயர் சூடாகும். வேகமாகப் போகும்போது வெடிக்கலாம். வண்டி கவிழலாம்.

1990-களின் இறுதியில் அமெரிக்காவில் டயர்கள் பிய்ந்து பல வண்டிகள் கவிழ்ந்தன. பலர் இறந்தார்கள். அதனால் 2000-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சட்டம் வந்தது. 2007 செப்டம்பர் முதல் அங்கே புதிய கார்கள் எல்லாவற்றிலும் இந்த விளக்கு கட்டாயம் ஆனது.

விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும்?

1. வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். நான்கு டயர்களையும் பாருங்கள். ஆணி குத்தியிருந்தால் முதலில் பஞ்சர் ஒட்டுங்கள்.

2. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறங்கள். பல கார்களில் அங்கே ஒரு தாள் ஒட்டியிருக்கும். முன் டயருக்கு எவ்வளவு காற்று, பின் டயருக்கு எவ்வளவு காற்று என்று அதில் எண்கள் இருக்கும். அந்த எண்களைப் படியுங்கள். அதுவே சரியான அளவு.

3. டயர் ஆறியிருக்கும்போது காற்று அடியுங்கள். சூடான டயர் அளவைக் கூட்டிக் காட்டும். பெட்ரோல் பங்கில் காற்று இலவசம். "அண்ணே, முன்னால் 33, பின்னால் 33 வையுங்க" என்பது போல, உங்கள் காரின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

4. பிறகு வண்டியை ஓட்டுங்கள். சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்திலும் காற்றை அளக்கும் சிறு கருவி இருக்கும். அவற்றில் சிறிது தூரம் ஓடியதும் விளக்கு தானே அணையும்.

5. வேறு சில கார்களில் அந்தக் கருவி இல்லை. காற்று குறைந்த சக்கரம் சற்றுச் சிறிதாகும். மற்றச் சக்கரங்களைவிட வேகமாகச் சுற்றும். அதை வைத்தே கார் கண்டுபிடிக்கும். இந்தக் கார்களில் நாம்தான் பட்டனை அழுத்த வேண்டும். பட்டன் எங்கே இருக்கிறது என்று காருடன் தந்த கையேட்டில் இருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். முதலில் காற்று, பிறகுதான் பட்டன். காற்று அடிக்காமல் பட்டனை அழுத்தினால், குறைந்த காற்றையே சரியான அளவு என்று கார் எடுத்துக்கொள்ளும். விளக்கு அணையும். ஆபத்து அப்படியே இருக்கும்.

காரை எடுத்ததும் விளக்கு ஒரு நிமிடம் போல மின்னி, பிறகு அணையாமல் எரிகிறதா? அப்படியானால் கருவியிலேயே பழுது இருக்கலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆணி குத்தாமலேயே டயரில் காற்று சிறிது சிறிதாகக் குறையும். எனவே விளக்கு எரியும் வரை காத்திருக்க வேண்டாம். மாதம் ஒரு முறையாவது காற்றைப் பாருங்கள். ஸ்டெப்னி இருந்தால் அதையும் பாருங்கள்.