அலாரம் ஏன் அடிக்கவில்லை? கல்முனைப் பக்கம் நாங்கள் கற்ற பாடம்



விடியப்புறம் எழும்புவது நமக்குப் புதிதல்ல. நம் பாட்டன் பாட்டி காலத்தில் தப்படித்து லயத்தை எழுப்பினார்கள். பிறகு தொழிற்சாலைச் சங்கு வந்தது. இன்று அந்த வேலையைத் தலைமாட்டில் கிடக்கும் டச் போனிடம் ஒப்படைத்துவிட்டோம். அது ஒரு நாள் அடிக்காமல் விட்டால் என்ன நடக்கும்? பெரட்டுக்குப் பிந்தினால் அரைப்பேர். விடியற்கால பஸ்ஸை விட்டால் ஆஸ்பத்திரியில் நம்பர் போச்சு. பரீட்சைக்குப் போகிற பிள்ளை என்றால் ஒரு வருஷமே போச்சு.

"அலாரம் வச்சேன், அடிக்கல" என்று பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். தூக்கத்தில் காது கேட்டிருக்காது என்றுதான் நாங்களும் நினைத்தோம். நமக்கே அது நடந்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

நடந்தது என்ன?

ஒரு நோன்பு மாதம். மலையகத்திலிருந்து போய் கல்முனையில் கடை வேலை செய்யும் நம் பையன்கள் சிலரைப் பார்த்துவர, பதுளை, பிபிலை, அம்பாறை வழியாகப் போயிருந்தோம். வியாழக்கிழமை இரவு சாய்ந்தமருதில் ஒரு பழக்கமான வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு வாப்பாவுக்குச் சீனி வருத்தம். சஹர் நேரத்தில் சாப்பிட்டு, குளிசையும் போட்டால்தான் நோன்பு பிடிக்கலாம் என்று டொக்டர் அவருக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே எல்லோரும் விடியப்புறம் மூன்றரைக்கு எழும்புவது என்று பேச்சு.

மூத்த மகன் கட்டாரிலிருந்து லீவில் வந்து ஐந்தாறு நாள்தான். "கவலப்படாதீங்க, என்ட போன்ல அலாரம் இருக்கு. ஒவ்வொரு நாளும் சரியா அடிக்கிது" என்றார். நாங்களும் நம்பிப் படுத்தோம்.

எங்களை எழுப்பியது அலாரம் அல்ல, சுபஹுக்குப் பள்ளியில் சொன்ன பாங்கு. சஹர் முடிந்துவிட்டது. உம்மா ஆக்கி வைத்த சோறும் கறியும் மூடியபடியே இருந்தன. மற்றவர்கள் வெறும் வயிற்றோடு நோன்பு பிடித்தார்கள். வாப்பாவை மட்டும் உம்மா விடவில்லை. "பெருநாளைக்குப் பொறகு புடிக்கலாம்" என்று சொல்லிக் குளிசையையும் தேத்தண்ணியையும் கையில் கொடுத்தார். வாப்பா ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர் முகம் அன்று முழுக்க வாடியே இருந்தது.

"அந்தக் காலத்துல பக்கீர் பாவா றபான் தட்டிப் பாடிட்டு தெருவால போவாரு. ஊரே எழும்பும். இப்ப எங்கட தெருவுக்கு அவர் வாறல்ல, எல்லாரும் போன நம்புறாங்க" என்றார் உம்மா.

ஐந்து நாள் அடித்த அலாரம் ஆறாம் நாள் ஏன் அடிக்கவில்லை? மகனும் நாங்களும் உட்கார்ந்து போனைத் தோண்டிப் பார்த்தோம். போனில் பழுது ஒன்றும் இல்லை. அந்த மூன்றரை மணி அலாரம், கட்டாரில் கம்பனி பஸ்ஸுக்கு எழும்ப வைத்த பழைய அலாரம். அங்கே வேலை வாரம் ஞாயிறு முதல் வியாழன் வரை. வெள்ளியும் சனியும் லீவு. ஆகவே அலாரத்துக்கும் அந்த ஐந்து நாளைத்தான் குறித்து வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை அதற்கு லீவு! போன் தன்னிடம் சொன்னதைத்தான் செய்தது.

இதைப்போல அலாரத்தை வாயடைக்கிற காரணங்கள் இன்னும் சில உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. எந்த நாள்?

அலாரத்தின் கீழே ஏழு நாளுக்கும் ஏழு எழுத்து இருக்கும். நிறம் ஏறிய நாளில் மட்டுமே அது அடிக்கும். பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கென்று திங்கள் முதல் வெள்ளி வரை வைத்த அலாரம் சனிக்கிழமை பெரட்டுக்கு எழுப்பாது. ஞாயிறு கைக்காசுக் கொழுந்துக்கும் எழுப்பாது. ஒரு நாளையும் தொடாமல் விட்டால் ஒரே ஒரு தடவை அடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். நேற்று அடித்ததே என்று இன்றைக்கும் நம்பக்கூடாது.

2. காலையா, மாலையா?

மு.ப. என்பது முற்பகல், பி.ப. என்பது பிற்பகல். விரல் தவறி பி.ப. 4.30 என்று வைத்தால் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் அடிக்கும். போனை 24 மணி முறைக்கு மாற்றிக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை. விடியப்புறம் 4.30, பின்னேரம் 16.30.

3. சத்தம் எவ்வளவு?

அழைப்புக்கு ஒரு சத்தம், பாட்டு படத்துக்கு ஒரு சத்தம், அலாரத்துக்கு வேறொரு சத்தம் என்று அன்ட்ரொய்ட் போனில் தனித்தனியாக உண்டு. பாட்டு உரக்கக் கேட்கிறது என்பதால் அலாரமும் கேட்கும் என்று நினைக்க வேண்டாம். செட்டிங்ஸுக்குள் போய் சத்தத்துக்குரிய பகுதியில் அலாரக் கோட்டை மேலே ஏற்றி வையுங்கள். ஐபோனில் அழைப்பு மணிச் சத்தத்தோடு அலாரச் சத்தமும் சேர்ந்தே ஏறி இறங்கும்.

4. டூ நொட் டிஸ்டர்ப்

'தொந்தரவு செய்ய வேண்டாம்' என்ற இந்த ஏற்பாடு, பிறை நிலவு அல்லது குறுக்குக் கோடு போட்ட வட்ட அடையாளத்தோடு இருக்கும். சாதாரணமாக இது அலாரத்தைத் தடுக்காது. ஆனால் அன்ட்ரொய்ட் போனில் அலாரத்தையும் சேர்த்து அடக்கிவிட வழி இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும்போது அது மாறிப்போகலாம். உள்ளே திறந்து, அலாரத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

5. போனை ஓஃப் செய்துவிட்டுப் படுப்பது

இதில்தான் நம் பெரியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பழைய நோக்கியா பட்டன் போன்களில் பலவற்றை ஓஃப் செய்து வைத்தாலும் அலாரம் நேரத்துக்கு அடிக்கும். அந்தப் பழக்கத்தில் டச் போனையும் ஓஃப் செய்கிறார்கள். ஒரு சில வகைகளைத் தவிர, டச் போன் ஓஃப் ஆனால் அலாரமும் செத்துவிடும். ஐபோனும் அப்படித்தான். பெட்டரி இறங்கி அணைந்தாலும் இதே கதிதான். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். படுக்கப் போகுமுன் பெட்டரி எவ்வளவு என்று பார்ப்பது நல்லது.

6. பெட்டரி மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு

போனோடு வருகிற கடிகாரத்தை விட்டு, வெளியிலிருந்து இறக்கிய அலாரங்களைப் பாவிப்பவர்கள் கவனிக்க. பெட்டரியை மிச்சப்படுத்த, திரை அணைந்த பிறகு சில வேலைகளைப் போன் தானாகவே நிறுத்திவிடும். அதில் இந்த அலாரமும் அகப்படலாம். 2021இல் வந்த அன்ட்ரொய்ட் 12 முதல், சரியான நேரத்துக்கு மணியடிக்கத் தனி அனுமதியும் வைத்திருக்கிறார்கள். ஆகவே போனோடு வந்த கடிகாரமே பாதுகாப்பு.

7. பாட்டு எங்கே?

மெமரி கார்டில் இருந்த பாட்டை அலாரமாக வைத்துவிட்டுக் கார்டைக் கழற்றினால், அல்லது பாட்டை அழித்தால், சத்தம் வராமல் போகலாம். போனுக்குள்ளேயே இருக்கும் மணியோசையைப் பாவியுங்கள். இரவில் ஹெட்செட்டையும் கழற்றி வையுங்கள்.

8. போன் எந்த நாட்டு நேரத்தில் இருக்கிறது?

வெளிநாடு போய் வந்த பிள்ளைகள் உள்ள வீடுகள் இதை வாசிக்க வேண்டும். கட்டார், சவூதி, குவைத் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பின்னால். டுபாய் ஒன்றரை மணி பின்னால். உள்ளூர் சிம் போடாத போன், நேரம் தானாக மாறும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்த போன், அந்நாட்டு நேரத்திலேயே நிற்கலாம். கட்டார் நேரத்தில் நிற்கும் போனில் மூன்றரைக்கு அலாரம் வைத்தால், இங்கே ஆறு மணிக்குத்தான் அடிக்கும்.

நேரம் மாறுவது நம் நாட்டுக்கும் புதிதல்ல. 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் மீதி அரை மணியையும் இழுத்துப் பழைய நேரத்துக்கே வந்தோம். அன்று சுவர்க் கடிகாரத்தை நாமே திருப்பினோம். இன்று போன் தானாகத் திருப்பிக்கொள்ளும் என்று நினைக்கிறோம். திருப்பியதா என்று ஒரு தடவை பார்க்க வேண்டாமா?

போனே பிழை விடுமா?

விடும். 2011 ஜனவரி முதலாம், இரண்டாம் திகதிகளில் ஐபோனில் ஒரு தடவைக்கென்று வைத்த அலாரங்கள் அடிக்கவில்லை. மூன்றாம் திகதி முதல் சரியாக அடித்தன. 2024 ஏப்ரல் கடைசியிலும் பல நாடுகளில் ஐபோன் அலாரம் சத்தமில்லாமல் போவதாக முறைப்பாடு எழுந்தது. அப்பிள் கம்பனியும் பிழையை ஒப்புக்கொண்டு, சரிசெய்வதாகச் சொன்னது. விலை கூடிய போன் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது.

சோதித்துப் பார்ப்பது எப்படி?

பகலிலேயே மூன்று நிமிடம் தள்ளி ஓர் அலாரம் வையுங்கள். திரையை அணையுங்கள். இரவில் எங்கே வைப்பீர்களோ அங்கேயே வைத்துவிட்டுக் காத்திருங்கள். அடித்தால், சத்தம் போதுமா என்று பாருங்கள். அடிக்காவிட்டால் மேலே சொன்ன எட்டையும் வரிசையாகப் பாருங்கள். ஆனால் இந்தச் சோதனை சத்தத்தைத்தான் காட்டும், நாளைக் காட்டாது. நாளைக்கு உரிய எழுத்தில் நிறம் ஏறியிருக்கிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தலையணைக்கு அடியில் போனை வைக்க வேண்டாம். சத்தம் அமுங்கும். சார்ஜில் இருந்தால் சூடேறும், ஆபத்து. கை எட்டாத தூரத்தில், எழும்பிப் போய் நிறுத்தும்படி வையுங்கள். கை எட்டினால் தூக்கத்திலேயே நிறுத்திவிட்டு, "அடிக்கவே இல்லை" என்போம்!

முக்கியமான நாளுக்கு ஒரு போனை மட்டும் நம்பாதீர்கள். இன்னொரு போனிலோ பழைய மணிக்கூட்டிலோ இரண்டாவது அலாரம் வையுங்கள். பக்கத்துக் காம்பிரா அக்காவிடம், "நாளைக்கு ஒரு சத்தம் கொடுங்க" என்று சொல்லி வைப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. தப்பும் றபானும் செய்தது அந்த வேலையைத்தான். ஓர் ஆள் விழித்திருந்து மற்றவரை எழுப்பினார்.

சாய்ந்தமருது வீட்டில் அன்றிரவே ஏழு நாளுக்கும் நிறம் ஏற்றினோம். உம்மாவின் பட்டன் போனிலும் ஓர் அலாரம் வைத்தோம். சனிக்கிழமை விடியப்புறம் மூன்றரைக்கு இரண்டும் சேர்ந்தே அடித்தன. முதலில் எழும்பி வந்து பாயில் உட்கார்ந்தவர் வாப்பாதான்.

வாசித்துவிட்டு மடித்து வைக்காமல், பக்கத்து லயத்துக்கும் கொடுங்கள். இன்றிரவு படுக்குமுன் உங்கள் போனை ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்.