ஒரு படம், இரண்டு எஜமானர்கள்

இளம் இயக்குநரின் துணிச்சலை நம்பிப் பணம் போட்ட ஹாலிவுட் ஸ்டூடியோ, பிறகு அந்தத் துணிச்சலைக் கண்டே மிரண்டது. விளைவு: யாருக்கும் பிடிக்காத ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’

படத்துக்கு விளம்பரம் தேட வேண்டிய இயக்குநரே, வெளியாவதற்கு முந்தைய நாள் அதற்குக் குழி தோண்டினார். 2015 ஆகஸ்ட் 6 அன்று ஜாஷ் டிராங்க் ட்விட்டரில் எழுதியதன் சாரம் இதுதான்: ஓராண்டுக்கு முன் இந்தப் படத்தின் அருமையான வடிவம் ஒன்று தன்னிடம் இருந்தது, ரசிகர்கள் பெரும்பாலும் அதைப் பார்க்கப்போவதில்லை. சற்று நேரத்தில் அதை அழித்துவிட்டார். ஆனால் அதற்குள் சேதி பரவிவிட்டது.

மறுநாள் அமெரிக்காவில் வெளியான படத்தை விமர்சகர்கள் கிழித்துப் போட்டார்கள். சுமார் 12 கோடி டாலர் விழுங்கிய படத்துக்கு அங்கே முதல் மூன்று நாள் வசூல் 2.6 கோடிதான். உலகம் முழுவதும் தேறியது சுமார் 16.8 கோடி டாலர். தியேட்டர்காரர்களின் பங்கையும் விளம்பரச் செலவையும் கழித்தால் கையைக் கடித்த கணக்கு. மோசமான படங்களைக் கேலி செய்யும் ராஸி விருதுகளில் மோசமான படம், மோசமான இயக்குநர் இரண்டும் இதற்கே. 2017க்கு அறிவித்திருந்த அடுத்த பாகம் சத்தமில்லாமல் கைவிடப்பட்டது.

இத்தனைக்கும் டிராங்க் கத்துக்குட்டி அல்ல. 2012இல், 27 வயதில், ‘கிரானிக்கிள்’ படத்தை 1.2 கோடி டாலரில் எடுத்து, ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸுக்குப் பத்து மடங்கு வசூல் காட்டியவர். திடீரெனக் கிடைத்த சக்தி மூன்று பள்ளி மாணவர்களை என்ன பாடு படுத்துகிறது என்பதுதான் அதன் கதை. ஃபாக்ஸ் அவரைத் தேடிப்போனது இந்தக் கைவண்ணத்துக்காகவே.

ஸ்டான் லீ, ஜாக் கிர்பி இருவரும் 1961இல் உருவாக்கிய நால்வர் குழு, குடும்பமாகச் சண்டையிட்டுச் சிரிக்கும் கூட்டம். டிராங்க் மனதில் இருந்ததோ வேறு. உடல் ரப்பராக நீள்வதும், தீப்பற்றி எரிவதும், கல்லாக இறுகுவதும் வரமல்ல, சாபம், பயங்கரம். டேவிட் குரோனன்பர்க்கின் படங்கள்தான் அவருக்கு வழிகாட்டி. இதற்கு ஸ்டூடியோவும் தலையாட்டியது.

2014இல் லூசியானாவில் படப்பிடிப்பு முடிந்து, எடுத்ததைப் போட்டுப் பார்த்தபோதுதான் ஸ்டூடியோவுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. சிறுவர்களை அழைத்துக்கொண்டு வரும் குடும்பங்கள் இதைப் பார்க்குமா? பல காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. வேறு எடிட்டரை அமர்த்தித் தன்னை ஓரங்கட்டியதாக டிராங்க் பிற்பாடு கூறினார். தளத்தில் அவர் யாருடனும் ஒட்டாமல் இருந்ததே கோளாறுக்குக் காரணம் என்று ஹாலிவுட் பத்திரிகைகள் எழுதின. அதை அவர் மறுத்தார்.

தகராறின் தழும்பு படத்திலேயே தெரிகிறது. முதல் பாதி நிதானமாக, இருட்டாக நகர்கிறது. நால்வருக்கும் விபத்து நேர்ந்ததும் ‘ஓராண்டுக்குப் பிறகு’ என்று ஓர் எழுத்து. அதன்பின் அவசர அவசரமாக ஒரு வில்லன், ஒரு சண்டை, சுபம். நாயகி கேட் மாரா இடையில் முடியை வெட்டிவிட்டதால் புதிய காட்சிகளில் ‘விக்’ வைத்து நடித்தார். முடியைப் பார்த்தே எது பழைய காட்சி, எது புதியது என்று ரசிகர்கள் சொல்லிவிட்டார்கள்.

சட்டப்படி யார் பக்கம் நியாயம்? அமெரிக்க இயக்குநர்கள் சங்கத்தின் ஒப்பந்தப்படி, தன் விருப்பம்போல் படத்தைத் தொகுத்துக் காட்ட இயக்குநருக்குப் பொதுவாகப் பத்து வாரம் உண்டு. அதற்குப் பிறகு கத்தரிக்கோல் பணம் போட்டவர் கையில். கடைசி வார்த்தை தன்னுடையதே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கும் செல்வாக்கு மிகச் சிலருக்கே உண்டு. 30 வயது இளைஞருக்கு அது ஏது?

ஆனால் சண்டை வந்தாலே படம் கெட்டுவிடும் என்பதும் இல்லை. ‘ஆன்ட்-மேன்’ படத்துக்காகப் பல ஆண்டுகள் உழைத்த எட்கர் ரைட், மார்வெலுடன் ஒத்துப்போகாமல் 2014 மே மாதம் விலகினார். வேறொருவர் இயக்கிய அந்தப் படம், ‘ஃபென்டாஸ்டிக் ஃபோர்’ வருவதற்கு மூன்று வாரம் முன் வெளியாகி 50 கோடி டாலருக்கு மேல் அள்ளியது. வித்தியாசம் இதுதான்: அங்கே கேமரா சுழல்வதற்கு முன்பே பிரிந்தார்கள். இங்கே படத்தை எடுத்து முடித்த பிறகு கதையைப் பற்றிச் சண்டை போட்டார்கள். காகிதத்தில் அடித்து எழுதச் செலவில்லை. படச்சுருளில் அடித்து எழுதினால் கோடிகள்.

2017இல் ‘ஜஸ்டிஸ் லீக்’ படமும் இதே குழியில் விழுந்தது. மகளின் மரணத்தால் ஜாக் ஸ்னைடர் விலக, ஜாஸ் வீடன் பல காட்சிகளைத் திரும்ப எடுத்தார். ஒட்டுப்போட்ட அந்தப் படம் யாரையும் திருப்திப்படுத்தவில்லை. ரசிகர்கள் விடாமல் நச்சரிக்க, 2021இல் ஸ்னைடரின் நான்கு மணி நேர வடிவத்தையே வார்னர் வெளியிட வேண்டியதாயிற்று.

டிராங்குக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கையில் இருந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படமும் 2015 மே மாதமே போய்விட்டது. அடுத்த படம் ‘கபோன்’ வர 2020 ஆயிற்று. அதற்குள், 2019இல், ஃபாக்ஸ் ஸ்டூடியோவே டிஸ்னியின் கைக்குப் போயிருந்தது. நால்வரும் மார்வெல் வீட்டுக்குத் திரும்பி, 2025இல் மாட் ஷாக்மன் இயக்கத்தில் அறுபதுகளின் வண்ணத்தோடு, சிரித்த முகத்தோடு வந்தார்கள். வசூல் 50 கோடி டாலரைத் தாண்டியது.

டிராங்க் சொன்ன அந்த அருமையான படம் உண்மையிலேயே அருமையானதுதானா? யாராலும் சொல்ல முடியாது. இயக்குநரின் படமும் வரவில்லை, ஸ்டூடியோ விரும்பிய படமும் வரவில்லை. டிக்கெட் வாங்கியவருக்குக் கிடைத்தது இருவரும் கைகழுவிய ஒன்று.