வேகம் குறைந்தால் திறமை குறைந்ததா?

மாவட்ட சதுரங்கப் போட்டியில் முதலிடம் பெற்ற மாணவரைக் காலை வணக்கக் கூட்டத்தில் பாராட்டுகிறோம். ஓராண்டு கழித்து, “ரேட்டிங் முன்ன மாதிரி ஏறலையே சார், இவ்வளவுதானா?” என்று பெற்றோர் கேட்கிறார்கள். திருச்சி கைலாசபுரம் போன்ற குடியிருப்புப் பகுதிகளில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு இக்கேள்வி புதிதாக இராது.

விடையின் ஒரு பகுதி கணக்கில் உள்ளது. ஃபிடே விதிப்படி, 2300 புள்ளிக்குக் கீழுள்ள சிறாருக்குப் பெருக்கெண் 40. 2400-ஐத் தொட்டவருக்கு அது 10. சம தரப்புள்ளி உள்ளவரை வென்றால் அதில் பாதி கிடைக்கும். அதாவது, முன்பு 20 புள்ளி தந்த அதே வெற்றி பின்பு 5 புள்ளியே தரும். எதிரில் அமர்பவரும் வலுத்துக்கொண்டே போவார். ஆகவே ஏற்றம் மெதுவாவது இயல்பு.

மற்றொரு பகுதி வயது. சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தா 2018-இல், 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய அக்கா வைஷாலி அப்பட்டத்தை எட்டியது 2023-இல், 22 வயதில். ஒரே வீடு, ஒரே ஆட்டம், பத்து வயது இடைவெளி. ஆயினும் 2024-இல் இருவருமே கேண்டிடேட்ஸ் போட்டிகளில் ஆடினர். மறுபுறம், 2002-இல் 12 வயதில் உலகின் மிக இளைய கிராண்ட்மாஸ்டரான செர்கேய் கர்யாகின் இதுவரை கிளாசிக்கல் முறை உலகச் சாம்பியன் பட்டம் வென்றதில்லை. தொடக்க வேகத்தை வைத்து முடிவைச் சொல்ல முடியாது.

குகேஷின் பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் 2500 புள்ளியைக் கடக்கும் வரை கணினி நிரல்களின் உதவியைத் தவிர்த்தார். விடையைப் பார்க்கும் முன் மாணவர் தானே கணக்கிட வேண்டும் என்பதே நோக்கம். அந்த மாணவர் 2024 டிசம்பரில், 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை எளியவை. “எத்தனை புள்ளி?” என்பதற்குப் பதில், “தோற்ற ஆட்டத்தில் எந்த நகர்த்தலில் தவறினாய்?” என்று கேட்கலாம். நகர்த்தல்களை எழுதிய தாளைக் கொண்டுவரச் சொல்லி, அவரையே விளக்கச் செய்யலாம். போட்டிக்குச் சென்ற நாட்களில் விடுபட்ட பாடங்களை ஈடுசெய்ய உதவலாம். தோற்று வந்த திங்கட்கிழமையும் அவர் நம் மாணவர்தான் என்பதை உணர்த்தலாம்.

பெற்றோருக்கும் நேர்மையாகச் சொல்லலாம்: “எவ்வளவு உயரம் போவான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தன் தவறைத் தானே கண்டுபிடிக்கிறான். அதுவரை அவன் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறான்.”