தெருவுக்கு வரும் ஆய்வுகூடம்



மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் பிள்ளைகளைத் தேடித் தெருவுக்கே வந்துவிடும். அதுதான் 'சயன்ஸ் ரான்டவூ' என்னும் விஞ்ஞானத் திருவிழா. 2008இல் ரொறன்ரோ, யோர்க் உள்ளிட்ட பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கிய இந்த விழா, இன்று கனடாவின் பல நகரங்களில் நடக்கிறது.

இந்த விழாவில் பாலும் சீனியும் கலந்த கிண்ணத்தில் திரவ நைதரசனை ஊற்றுவார்கள். சுழியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியஸ் குளிர்! வெண்புகை பொங்கும், சில நிமிடங்களில் ஐஸ்கிரீம் தயார். விரைவாக உறைவதால் பனித்துகள்கள் மிகச் சிறிதாகவே உருவாகும். நாவில் அத்தனை மென்மை அதனால்தான்.

ஏன், எப்படி என்று பிள்ளைகள் கேட்டால், விளக்கம் சொல்ல ஆய்வாளர்களும் மாணவர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள். அனுமதி இலவசம்.

பெற்றோரே, வரும் மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்கள் மனம்நிறையக் கேள்வி கேட்கட்டும்!