கார் ஏன் கீச்சிடுகிறது?

மார்கழிக் காலை, மணி ஏழு. அடுத்த வீட்டு அம்மாள் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதற்காகக் காரைக் கிளப்புகிறார். இஞ்சின் உயிர் பெற்றதுமே 'கீ...ச்!' என்று ஓர் அலறல்! பால் வாங்க நிற்பவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். அரை நிமிஷத்தில் சப்தம் அடங்கிவிடுகிறது.

"பனிக்காலம் அல்லவா? அதற்கும் தொண்டை கட்டிக் கொண்டுவிட்டது!" என்று சிரித்தபடியே அம்மாள் போய்விடுவார்.

ஒரு வாரம் சிரித்தார். பிறகு ஒரு பட்டறையில் காட்டினார். அங்கிருந்த பையன் ஒரு சோப்புக் கட்டியை எடுத்து பெல்ட்டில் நாலு தேய் தேய்த்தான். சப்தம் போயே போய்விட்டது! நாலாம் நாள் பகல் பன்னிரண்டு மணிக்கு, நடுச் சாலையில், எதிரே பாட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் கல்லாய்க் கனத்தது. உஷ்ணம் காட்டும் முள் மேலே மேலே ஏறியது.

"வீடு இரண்டு கிலோ மீட்டர்தான், ஓட்டி வந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். நல்ல வேளை, நிறுத்திவிட்டேன்" என்றார் என்னிடம். அந்த நல்ல வேளைதான் அவருடைய இஞ்சினைக் காப்பாற்றியது.

பெல்ட்டின் வேலை என்ன?

இஞ்சின் சுற்றும்போது அதன் முன்புறம் ஒரு ரப்பர் பெல்ட்டும் சுற்றுகிறது. பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர், ஏ.ஸி. கம்ப்ரெஸர், பல வண்டிகளில் இஞ்சினைக் குளிர வைக்கும் தண்ணீர் பம்ப், எண்ணெயால் இயங்கும் பவர் ஸ்டியரிங் இருந்தால் அதன் பம்ப் ஆகிய அத்தனையும் இந்த ஒரு பெல்ட்டை நம்பித்தான் இருக்கின்றன. அது அறுந்தால் எல்லாம் ஒரே சமயத்தில் நிற்கும். தண்ணீர் ஓடாத இஞ்சின் சில நிமிஷங்களில் கொதித்துக் கெட்டுப் போகும்.

அது ஏன் அலறுகிறது? மாவு கெட்டியாகிவிட்டால் உங்கள் கிரைண்டர் கீச்சிடுகிறதே, அதே காரணந்தான். மோட்டார் இழுக்கிறது, கல் தயங்குகிறது, நடுவில் பெல்ட் வழுக்குகிறது. பிடில் வில் தந்தியைப் பிடித்துப் பிடித்து விடுவதால் நாதம் பிறக்கிறது. பெல்ட் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து விட்டால் பிறப்பது நாராசம்!

காதைக் கொடுங்கள்

எப்போது கீச்சிடுகிறது என்று கவனியுங்கள். காலையில் கிளப்பியவுடனா? பனி ஈரமும், இரவில் களைத்த பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் பாரமும் சேர்ந்து பெல்ட்டை வழுக்க வைக்கின்றன. ஏ.ஸி. போட்டவுடனா? ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போதா? பாரம் ஏறும்போதெல்லாம் கத்தினால், பெல்ட் தொய்ந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம்.

பிறகு தண்ணீர்ப் பரீட்சை. ஓடுகிற இஞ்சினில், பெல்ட்டின் வரிகள் மேல் சிறிது தண்ணீர் தெளிக்க வேண்டும். சப்தம் அதிகமானால் இழுவிசை போதவில்லை. சப்தம் நின்று, சற்று நேரத்தில் திரும்பி வந்தால் சக்கரங்கள் ஒரே நேர்கோட்டில் இல்லை. தண்ணீருக்கு அசையவே இல்லையென்றால் ஏதாவது பேரிங் தேய்ந்திருக்கக் கூடும். தெளிக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் தள்ளி நின்று கேட்டால் போதும். ஓடும் பெல்ட்டுக்குப் புடவைத் தலைப்பு, பின்னல், வளையல் என்ற பேதம் தெரியாது! இஞ்சினை நிறுத்திய பிறகும் சில வண்டிகளில் விசிறி தானாகச் சுற்றும். ஜாக்கிரதை!

புது பெல்ட் போட்டால் போதுமா?

அம்மாளின் காரை இன்னொரு பட்டறைக்கு இழுத்துச் சென்றார்கள். அங்கே ஒரு வயதான மெக்கானிக். புது பெல்ட் மாட்டிக் கிளப்பினார். மறுபடியும் 'கீச்!' தண்ணீர் தெளித்தார். அலறல் இரண்டு பங்காயிற்று. பெரியவர் தலையை ஆட்டினார். பெல்ட்டை விறைப்பாகப் பிடித்திருக்க வேண்டிய டென்ஷனரின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அதை மாற்றினார்; வண்டி மௌனமாயிற்று.

"வண்டி அழுவுதும்மா. வாயைப் பொத்தினா அழுகை நின்னுடுமா?" என்றாராம் அவர்.

சோப்பு, பவுடர், எண்ணெய் எல்லாம் வாயைப் பொத்தும் வேலைதான். உள்ளே வழுக்கல் நிற்பதில்லை. சூடேறி, ரப்பர் கண்ணாடி போல் பளபளத்து, ஒரு நாள் அறுந்து போகிறது. எண்ணெயோ ரேடியேட்டர் தண்ணீரோ பெல்ட்டில் கசிந்தால், முதலில் கசிவை அடைத்துச் சக்கரங்களைத் துடைத்துவிட்டுத்தான் புது பெல்ட் போட வேண்டும். கையால் முறுக்கும் பழைய 'வி' பெல்ட்டில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் இறங்கலாம். இன்னும் இறுக்கினால் நல்லது என்று எண்ண வேண்டாம், பேரிங்குகள் கெட்டுவிடும். பழைய நியோப்ரீன் பெல்ட்டுகள் வெடிப்பு விட்டு வயதைக் காட்டின. இந்நாளைய ஈ.பி.டி.எம். ரப்பர் பெல்ட்டுகள் வெடிக்காமலே டயர் போலத் தேய்கின்றன. ஆகவே, "வெடிப்பே இல்லையே!" என்று யாராவது சொன்னால், வரிகளின் ஆழத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள். சிவப்பு விளக்கு எரிந்து முள்ளும் ஏறினால், வீடு எத்தனை அருகில் இருந்தாலும் சரி, ஓரமாக நிறுத்தி இஞ்சினை அணைத்துவிடுங்கள். சூடு ஆறும் வரை ரேடியேட்டர் மூடியைத் தொடாதீர்கள்.

இப்போதெல்லாம் காலை ஏழு மணிக்கு எங்கள் தெரு அமைதியாக இருக்கிறது. பால் வாங்க நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அம்மாள் மட்டும் காரைக் கிளப்பியதும் ஒரு நிமிஷம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் புறப்படுகிறார்!